சூடு ஆறாத இன்ஜின்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் கதை என்று படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது நடந்தது. எனக்கு இல்லை, என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. எனக்கு நடந்திருந்தால் கண், காது, மூக்கு வைத்து நானே கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருப்பேன். அத்தானுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. பேச்சில் மகா கஞ்சம். சாப்பாடு நன்றாக இருந்தால் ஒரு 'ம்', வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் அதே 'ம்'. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு பொய்யைக் கட்டி, அதை ஒரு வார்த்தை பிசகாமல் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது. அதனால்தான் நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி கிடையாது, சுடுகாடு கிடையாது, நாய் ஊளையிடவில்லை. எல்லாம் பட்டப்பகலில், வெயில் அடிக்கும்போது நடந்தது.

அத்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வேன். அதில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்று அவர் பெற்றது. ஆறு வயது, நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். அந்த மூடி மேல் ஒரு குட்டி மெத்தையைப் போட்டுக்கொண்டு சிட்டு அப்பாவை ஒட்டி உட்காருவாள். அது அவள் சிம்மாசனம். வேறு பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு ரகளைதான்.

விடுமுறை விட்ட வாரம் ரேடியேட்டர் ஒழுகியதைக் கவனிக்காமல் அத்தான் வண்டியை ஓட்டிவிட்டார். தண்ணீர் வற்றி, இன்ஜின் காய்ந்து, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்து, நடுரோட்டில் நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் மெக்கானிக்குப் பட்டப்பெயர் டாக்டர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அவர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இதுல வேலை பார்க்கிறது வீண். இதே மாடல்ல பழைய இன்ஜின் ஒண்ணு புடிச்சிட்டு வாங்க. எடுத்து மாத்திடலாம்."

பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திறக்கும் நாளன்று வேன் வரவில்லையென்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வார்களாம். அக்கா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அத்தான் மட்டும் எப்போதும்போல 'ம்' என்றார்.

டாக்டர் மூன்று பாடம் சொல்லி அனுப்பினார். "நோய்ல கிடந்து செத்த வண்டியோட இன்ஜின் வேண்டாம். நல்லா ஓடிட்டு இருந்தப்பவே போன வண்டியா பாருங்க. பின்னால இடி வாங்கினது, பள்ளத்துல உருண்டது, அந்த மாதிரி. உடம்பு நசுங்கியிருக்கும், இதயம் நல்லா இருக்கும். எப்படிப் போச்சுன்னு கேட்காம வாங்காதீங்க. அப்புறம், எல்லாத்துக்கும் முன்னாடி கையை வைங்க. சூடா இருந்துச்சுன்னா நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்க ஓட்டிட்டாங்கன்னு அர்த்தம். காலையில மக்கர் பண்ற இன்ஜினை அப்படித்தான் தலையில கட்டுவாங்க."

அத்தான் பழைய வண்டி உடைக்கிற யார்டுகளாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில் இன்ஜினுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தார்கள். ஒழுகும் இடத்தை மறைக்கத்தான். இன்னோரிடத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே டீ நிறத்தில் நுரை. ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாகப் போனது ஊருக்கு வெளியே, தனியாக இருந்த ஒரு யார்டு.

அங்கே ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்து, கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் மாடலைச் சொன்னதும் தலையை நிமிர்த்தாமல் கொட்டகையைக் காட்டினார். தகரக் கூரைக்கு அடியில், ஆழமான நிழலில், இரண்டு பழைய டயர்கள் மேல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. சுத்தமாக இருந்தது. ஒழுகல் இல்லை. ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

அத்தான் பாடத்தை மறக்கவில்லை. உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்தார்.

சூடு.

தொட்டதும் கையை எடுக்க வைக்கிற சூடு இல்லை. ஓடி முடித்து, நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆன இன்ஜினின் சூடு. மாட்டிக்கொண்டாயா என்று அத்தானுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். விலையைக் குறைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

"சூடா இருக்கே. ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எதை வச்சு ஓட்டுறது?"

அத்தான் குனிந்து பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. டீசல் குழாய்கள் துண்டிக்கப்பட்டு, வாயில் துணி அடைத்திருந்தது. துணி மேல் தூசி படிந்திருந்தது.

"வெயில் சூடா இருக்கும்" என்றார் அந்த அம்மா.

அங்கே வெயிலே படவில்லை. அது அத்தானுக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அதற்குள் விலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடிபட்ட வண்டியா?"

"இல்ல. ஒரு கீறல் கிடையாது. சீட் கவர் கூட புதுசு."

இந்த இடத்தில்தான் எனக்கு அத்தான் மேல் இன்றைக்கும் கோபம். கீறல் இல்லாத வண்டியை, ஓடுகிற வண்டியை, யாராவது உடைத்துப் பார்ட்ஸாக விற்பார்களா? ஏன் உடைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் கேட்டதற்கு அத்தான் சொன்னார்: "கேட்டா, ஆமால்ல, நல்ல இன்ஜின்தானேன்னு அந்தம்மா விலையை ஏத்திடுவாங்கன்னு நினைச்சேன்." சூடாக இருக்கிறது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார். அந்த அம்மா பேரம் பேசவே இல்லை. "எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் அத்தானை உறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து டீ வாங்கியபோதுதான் தெரிந்தது. டம்ளரின் சூடு அவர் வலது கைக்குத் தெரியவில்லை. உள்ளங்கை மட்டும் மரத்துப் போயிருந்தது. பாரம் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் செயின் போட்டு இன்ஜினை இறக்கி, வேனில் பொருத்தி, புது ஸ்டார்ட்டர் மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, நடுக்கம் இல்லை. டாக்டர் வழக்கம்போல ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சட்டென்று காதை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அந்த இன்ஜினுக்கு அவர் காதைக் கொடுக்கவே இல்லை.

பள்ளி திறந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினால் அந்த வேன் சந்தைக்கடைதான். அடிதடி, பாட்டு, யாராவது ஒருத்தர் அழுகை. அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பியது. ஆனால் பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. அத்தான் கண்ணாடியில் பார்த்தார். பன்னிரண்டும் தூக்கம். சிட்டு கூட மெத்தை மேல் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

லீவு முடிந்து சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள், அசதி என்று நினைத்தார். உள்ளூர நிம்மதி வேறு.

மறுநாளும் தூங்கினார்கள். அதற்கடுத்த நாளும் தூங்கினார்கள். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். எழுப்பினால் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தால் எல்லாத் தலையும் இடது பக்கமே சாய்ந்திருந்தது.

வகுப்பிலும் இப்படியே இருக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஒரு தாய் வந்து, "பையன் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கிட்டு வந்திருக்கான், அழவே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

ஒரு நாள் அக்கா அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தை சிட்டு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். விரல்களில் கொப்புளம் எழும்பியது. அக்காதான் அலறினாள்.

"வலிக்கலையா கண்ணு?"

"கை எங்க இருக்குன்னே தெரியலம்மா."

அன்றைக்கு அத்தான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை என்றார். ஒரு யோசனைதான் வந்ததாம். புகை... சைலன்சர் புகை உள்ளே வருகிறது. அதைச் சுவாசித்தால் தலை கிறுகிறுத்துத் தூக்கம் வரும், கை கால் மரத்துப் போகும், அளவு மீறினால் முகம் சிவந்துவிடும். எந்த டிரைவருக்கும் தெரிந்த விஷயம்.

வேனை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் சைலன்சரை ஈரத் துணியால் அடைத்து, இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. அடித்தகட்டில் ஓட்டை இல்லை. மூடியின் ரப்பர் புதிது. புகை சோதிக்கிற இடத்தில் கருவியை வண்டிக்கு உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். சுத்தமான காற்று என்றார்கள். மறுநாள் எல்லாக் கண்ணாடியையும் திறந்து விட்டுக்கொண்டு ஓட்டினார்.

பிள்ளைகள் தூங்கினார்கள். காற்றில் முடி பறக்கப் பறக்கத் தூங்கினார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும், சாவி போடுவதற்கு முன், அத்தான் மூடியைத் தூக்கி இடது கையை இன்ஜின் மேல் வைத்தார். வலது கையில்தான் உணர்ச்சி இல்லையே.

சூடு.

ராத்திரி முழுக்க வேன் வாசலில் நின்றிருந்தது. சாவி அக்காவின் தலைமாட்டில் இருந்தது.

அத்தான் அன்றைக்கே இன்ஜினைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். வேறு இன்ஜின் கிடைக்கும்வரை யார் பிள்ளைகளை ஏற்றுவது, பள்ளியில் என்ன சொல்வது? இந்த வாரம் ஓடட்டும் என்று நினைத்தார். நினைத்ததில் பதற்றமே இல்லை என்கிறார். எதிலுமே பதற்றம் இல்லையாம், எல்லாமே பஞ்சுக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி இருந்ததாம்.

அந்த வாரம் முடிவதற்குள் அது நடந்தது.

மாலை. நல்ல வெயில். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கியாகிவிட்டது. வேனில் அத்தானும் சிட்டுவும் மட்டும். சிட்டு தூக்கம். கண்ணாடிகள் எல்லாம் திறந்திருந்தன.

அத்தானுக்கும் கண் சொருகியது. ஓரங்கட்டலாம் என்று நிறுத்தினார். பாதி ரோட்டிலேயே நின்றது வண்டி. சாவியைத் திருப்பினார்.

கட... கட... கட... கட...

இன்ஜின் நிற்கவில்லை.

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். ஓடியது.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிரேக்கை மிதித்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். காலை அசைக்கப் பார்த்தார். கால் அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள்.

"கண்ணாடிய ஏத்துங்க. குளிருது."

பொம்பளைக் குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரல். பயணிகள் சொன்னால் டிரைவர் செய்வான். அது பழக்கம். அத்தான் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

சரக்... சரக்... என்று பின்னால் மற்ற கண்ணாடிகள் மூடிக்கொண்டன. ஒவ்வொன்றாக.

அத்தான் நிமிர்ந்து, தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார்.

நான்கு தலைகள்.

இரண்டு பெரியவை. இரண்டு சிறியவை. நான்கும் இடது பக்கம் சாய்ந்து...

பயம் வரவில்லை. அதுதான் இன்றைக்கும் தனக்குப் பயம் என்கிறார் அத்தான். நான்கு பேரைப் பார்த்தார். சரி என்று இருந்தது. சிட்டு எழுந்து நின்றது தெரிந்தது. மெத்தையிலிருந்து இறங்கிப் பின்னால் போவது தெரிந்தது. போகாதே என்று சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது.

சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கட... கட... கட...

கதவு படாரென்று திறந்தது.

பின்னால் ஒரு லாரி, வழி கிடைக்காமல் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போய் நின்றிருக்கிறது. டிரைவர் திட்டுவதற்கென்றே இறங்கி வந்திருக்கிறார். ஹாரன் சத்தம் எதுவும் அத்தான் காதில் விழவில்லை. கதவு திறந்த அந்த நொடி இன்ஜின் தானாக நின்றது.

"ஏன்யா, குடும்பத்தோட படுத்துத் தூங்குறதுக்கு நடுரோடுதான் கிடைச்சுதா?"

அத்தான் அப்படியே வெளியே சரிந்தார். லாரிக்காரர் பதறி, தூக்கி, முகத்தில் தண்ணீர் அடித்தார். பிறகு உள்ளே ஏறி, பின்சீட்டில் கிடந்த சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் கிடத்தினார். அவள் மூச்சு வாங்கிக் கண்ணைத் திறந்ததும் லாரிக்காரர் சொன்னார்:

"மத்தவங்களையும் எழுப்புய்யா. அந்த அம்மாவுக்கு மூஞ்செல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. பாப்பாவை மடியில இருந்து எடுக்கிறேன், கண்ணக்கூடத் திறக்கல."

இருவரும் எழுந்து போய் வேனுக்குள் பார்த்தார்கள். யாரும் இல்லை. லாரிக்காரர் திரும்பி ஓடினார். லாரியில் ஏறி, வந்த வழியிலேயே பின்னோக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் வேனை அங்கேயே விட்டுவிட்டு சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தார். மறுநாள் டாக்டர் இன்ஜினை இறக்கி, உருக்குகிற இடத்துக்கு அனுப்பி, உருகி முடியும்வரை கூடவே நின்றார். அப்போதுதான் தான் கேட்டதைச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவர் வழியாக இன்ஜின் சத்தத்துக்கு அடியில் குறட்டைச் சத்தம் கேட்டதாம். ஒருத்தருடையது இல்லை, பலருடையது. உங்கள் பிழைப்பு போய்விடுமே என்று சொல்லவில்லை என்றார்.

பிறகு அத்தானும் டாக்டரும் யார்டுக்குப் போனார்கள். அந்த அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மறைக்கவில்லை.

"மலைப் பாதையில ஓரங்கட்டியிருக்காங்க. அப்பா, அம்மா, ரெண்டு பசங்க. குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டுத் தூங்கியிருக்காங்க. சைலன்சர்ல விரிசல். எழுந்திருக்கவே இல்ல."

இன்னொரு கைப்பிடியைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு அந்த அம்மா தொடர்ந்தார்.

"வண்டி இங்க வந்து சேர்ந்தப்போ இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சு. டேங்கைத் திறந்தா சொட்டு டீசல் இல்ல. பேட்டரியைக் கழட்டினோம், ஸ்டார்ட்டரைக் கழட்டினோம், டீசல் குழாயை அறுத்தோம். ஓடிட்டேதான் இருந்துச்சு. வண்டியை விட்டு இறக்கின பிறகுதான் நின்னுச்சு. சூடு மட்டும் போகல."

"சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர்.

"அவர் கேட்கலையே."

கிளம்பும்போது அத்தான் கேட்டார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று.

"கடைசிப் பொண்ணைக் கூட்டிட்டு வர. மாமா வீட்டுல இருந்துச்சாம். பையைத் தூக்கிட்டு வாசல்லயே நின்னுட்டு இருந்துச்சாம், வேன் வரும் வரும்னு. ஆறு வயசு."

அத்தான் இப்போது ஒரு குடோனில் காவல் வேலை பார்க்கிறார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. வலது உள்ளங்கைக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாரத்தில் சரியாகி, வேறு வேனில் கத்திக்கொண்டு போகிறார்கள். சிட்டுவுக்கும் கை சரியாகிவிட்டது.

யார்டில் கேட்டதை அத்தான் சொன்ன அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. புரிந்துவிட்டது போல இருந்தது. அக்கா சிட்டுவை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்:

"பாவம்க்கா. தங்களோட பொண்ணுன்னு நினைச்சுட்டாங்க போல. அதான் இவளைக் கூப்பிட்டிருக்காங்க."

"இல்ல சித்தி" என்றாள் சிட்டு. "அவங்க என்கிட்ட கேட்டாங்க."

"யாரு?"

"அந்த ஆன்ட்டி. நீ எங்க பாப்பாவான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

அக்காவின் கையில் சீப்பு நின்றது.

"அதுக்கு அவங்க?"

"பரவாயில்லன்னு சொன்னாங்க."